ஜன்னல் ஒழுகுகிறதா, வெக்கை அடிக்கிறதா? சேலம், ஏற்காடு வீடுகளுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

மழை விட்ட மறுநாள் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறிக் கிடக்கும். "மரம் உளுத்துப் போச்சு, எல்லாத்தையும் யூபிவிசி பிளாஸ்டிக் ஜன்னலா மாத்திடலாம்" என்று வீட்டில் முடிவாகும். ஜன்னலை மாற்றி, பெயின்ட் அடித்து, அடுத்த ஐப்பசியில் பார்த்தால் அதே இடத்தில் அதே ஊறல் வந்து நிற்கும். சன்ஷேட் சுவரோடு சேரும் மூலையிலோ, ஜன்னலுக்கு அடியில் பதித்த சில் கல்லிலோ, நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்திலோ இறங்கும் தண்ணீரைப் புது ஜன்னல் எப்படித் தடுக்கும்? அதனால் எந்த ஜன்னல் வாங்கலாம் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதலில் அறிகுறியைப் பார்ப்போம்.

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். ஆனால் சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கீழே வெயிலும் தூசியும் போர்வெல் தண்ணீரின் உப்பும் ஜன்னலைக் கெடுக்கும். மேலே பனிமூட்டமும் சாரலும் பாசியும் கெடுக்கும். ஒரே பட்டறையில் செய்த ஜன்னல் சேலம் அஸ்தம்பட்டியில் பத்து வருஷம் நன்றாக இருந்து, மலைமேல் முதல் மழையிலேயே ஒழுகலாம். கீழே வருகிற இடங்களில் ஊர் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறோம். உங்கள் ஊருக்கு உரியதைப் பாருங்கள்.

எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை

ஒழுகல் எதுவானாலும் ஹோஸ் பைப் சோதனையில் தொடங்குங்கள். இரண்டு நாள் மழையில்லாமல் சுவர் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் வெளியே பைப்போடு, ஒருவர் உள்ளே டார்ச்சும் சாக்பீஸுமாக. ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். பைப் முனையை விரலால் அழுத்திப் பீய்ச்ச வேண்டாம். சாதாரணமாக வழியவிட்டால் போதும்.

கீழிருந்து மேலே போக வேண்டும். இதுதான் இந்தச் சோதனையின் உயிர். மேலே முதலில் தண்ணீர் விட்டால் அது எல்லாச் சந்துகளையும் தொட்டுக்கொண்டு இறங்கும். எது ஓட்டை என்று சொல்லவே முடியாது. முதலில் சில் கல்லுக்குக் கீழே உள்ள சுவரில் 15 நிமிடம். அடுத்து சில் கல்லின் மேல்பரப்பு, அதன் இரண்டு முனைகள். பிறகு ஜன்னலின் அடிச்சட்டம், அப்புறம் இரண்டு பக்கச் சந்துகள், மேல் சந்து, கடைசியாக சன்ஷேட்டின் மேல்தளம். ஒவ்வோர் இடத்திலும் 10 நிமிடமாவது விட்டு, அடுத்ததற்குப் போகும் முன் 10 நிமிடம் காத்திருங்கள். பூச்சுக்குள் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். அவசரப்பட்டால் சில் கல்லில் விட்ட தண்ணீர், நீங்கள் பக்கச் சந்துக்குப் போன பிறகு உள்ளே வந்து ஆளை ஏமாற்றிவிடும். உள்ளே ஈரம் தெரிந்த நொடியில் சாக்பீஸால் சுற்றி வரைந்து, நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

ஒரு ஜன்னலுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம், தேவையில்லாத ஒரு ஜன்னல் மாற்றும் செலவை மிச்சப்படுத்தும்.

ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறுகிறது, பெயின்ட் கொப்பளிக்கிறது

பெரும்பாலும் சில் கல்தான் காரணம். ஒரு ரசமட்டத்தைக் கல்லின் குறுக்கே வையுங்கள். கல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், 10 செ.மீ. அகலத்துக்கு 1 செ.மீ. சரிவு. மட்டமாக இருந்தாலே தண்ணீர் தேங்கும், உள்சாய்வு என்றால் கேட்கவே வேண்டாம். அடுத்து, கல்லின் வெளிவிளிம்புக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே நீளவாக்கில் ஒரு பள்ளம் தட்டுப்பட வேண்டும். அதற்குச் சொட்டுவரி என்று பெயர் வைத்துக்கொள்வோம். சொட்டுவரி இல்லாவிட்டால், விளிம்பில் வந்த தண்ணீர் கீழே விழாமல் கல்லின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே திரும்பி வந்து சுவரில் இறங்கும். ஊறலின் மூலம் அங்கே கையில் தட்டுப்படும்.

புதிதாகப் பதிப்பதானால்: 20 மி.மீ. தடிமனுள்ள கிரானைட், பூச்சு முடிந்த சுவரைத் தாண்டி 40 மி.மீ. வெளியே நீட்ட வேண்டும். விளிம்பிலிருந்து 15 முதல் 20 மி.மீ. உள்ளே தள்ளி, அடியில் 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழத்துக்குச் சொட்டுவரி வெட்டச் சொல்லுங்கள். பதித்த பிறகு வெட்ட முடியாது, கடையிலேயே வெட்டி வாங்க வேண்டும். கல்லின் இரண்டு முனையும் பக்கச் சுவர் பூச்சுக்குள் 5 செ.மீ. போக வேண்டும். ஜன்னல் அகலத்துக்குச் சரியாக வெட்டிப் பதித்துவிட்டால் முனை வழியாக இறங்கி, ஜன்னலின் இரண்டு கீழ் மூலைகளில் மீசை மாதிரி ஊறல் தெரியும்.

கல்லை மாற்ற வழியில்லையா? விளிம்பின் அடியில் சிறிய அலுமினிய எல் பட்டையை நியூட்ரல் சிலிகான் கொண்டு ஒட்டுங்கள். சொட்டுவரி செய்யும் வேலையை அது செய்யும். உள்சாய்வுக்கு மட்டும் இது மருந்தாகாது. கல்லைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

சிலிகான் விஷயத்தில் ஒன்று. கடையில் விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் வினிகர் வாடை அடிக்கும் வகை. அது காயும்போது அமிலம் விடும்; சிமென்ட் பூச்சில் சரியாகப் பிடிக்காது, இரும்பு, துத்தநாகப் பூச்சு போன்றவற்றை அரிக்கும். வெளிச்சந்துக்கு நியூட்ரல் வகைதான் வேண்டும். பழைய பெயின்டின் மேலோ தூசியின் மேலோ இழுத்தால் எந்த வகையும் ஒரு கோடைக்குள் உரிந்துவிடும். சந்து 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் முதலில் ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்திவிட்டு, அதன் மேல் சந்தின் அகலத்தில் பாதி ஆழத்துக்கு மட்டும் சிலிகான் போடுங்கள். சந்து முழுவதையும் ரொப்பினால் மூன்று பக்கமும் ஒட்டிக்கொண்டு, வெயிலில் நிலை விரியும்போது நீள முடியாமல் கிழியும்.

ஸ்லைடிங் ஜன்னலின் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று உள்ளே வழிகிறது

யூபிவிசி, அலுமினியம் இரண்டிலும் தண்டவாளத்துக்குள் தண்ணீர் வருவது பிழையில்லை. வந்த தண்ணீர் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத் தண்டவாளத்திலும் சட்டத்தின் வெளிமுகத்திலும் நீளத்துளைகள் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றிப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் வெளியே வடிய வேண்டும்.

வடியவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள். தூசியும் முடியும் அடைத்திருந்தால் பழைய டூத் பிரஷும் மெல்லிய கம்பியும் போதும். பூச்சு வேலையின்போது சிமென்ட் பால் இறங்கி இறுகியிருந்தால் 5 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் திருகி எடுக்க வேண்டும். மெஷின் வைத்தால் அடியிலுள்ள அறையையும் துளைத்துவிடும், அப்புறம் தண்ணீர் நேராகச் சுவருக்குள் இறங்கும். வெளிமுகத் துளையையே சிலிகானால் பூசி மூடியிருப்பதும் உண்டு, பிளேடால் கீறித் திறந்துவிடுங்கள். துளையே காணோம் என்றால் ஜன்னலின் மேல்சட்டத்தைத் தடவுங்கள். துளைகள் அங்கே இருந்தால் ஜன்னலைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். கழற்றித் திருப்பி மாட்ட வேண்டியதுதான், அதைச் செய்ய வேண்டியது மாட்டியவரின் பொறுப்பு.

துளை சரியாக இருந்தும் காற்று மழையில் வழிகிறதென்றால், ஸ்லைடிங்கின் இயல்பே அது. ஸ்லைடிங்கில் காற்றைத் தடுப்பது மயிர்ப்பட்டை. திறந்து மூடும் கதவு ஜன்னலில் ரப்பர் கேஸ்கெட் அழுத்தி மூடும். சாரல் பக்கவாட்டில் அடிக்கும் ஏற்காட்டுச் சரிவுகளில், காற்றுக்கு எதிர்முகமாக உள்ள ஜன்னல்களுக்கு ஸ்லைடிங் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் முடிவு. வெளிப்புறம் திறக்கும் கதவு ஜன்னல் போடுங்கள். சேலத்தில் சன்ஷேட்டுக்கு அடியில் ஸ்லைடிங் தாராளமாகப் போடலாம்.

ஜன்னலின் மேல் மூலையில் ஈரம்

ஹோஸ் சோதனையில் சன்ஷேட்டின் மேல் விட்டபோதுதான் உள்ளே வந்தது என்றால், சன்ஷேட் சுவரோடு சேரும் உள்மூலை விரிந்திருக்கிறது. மேலே ஏறிப் பாருங்கள்: காய்ந்த இலை, மண், சில நேரம் ஆலங்கன்றுகூட இருக்கும். கூட்டித் தேய்த்துக் கழுவி, சந்தை வி வடிவில் 10 மி.மீ. கொத்தி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைத்து, அதன் மேல் 5 செ.மீ. வளைவாக மூலைக்கட்டு போடுங்கள். காய்ந்த பின் வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட், சுவரில் 15 செ.மீ. ஏறும்படி. தளம் வெளியே சரிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே ரசமட்டம் வைத்துச் சரிசெய்துவிடுங்கள். கன்று முளைத்திருந்தால் மேலே ஒடித்துப் பயனில்லை, வேரோடு கொத்தி எடுக்க வேண்டும்.

மரக் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்கிறது

இது பெரும்பாலும் மலைமேல் வரும் புகார். ஆசாரியை அழைத்து உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். கதவைக் கழற்றி அதன் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் பாருங்கள். பெயின்ட் இருக்காது. மாட்டிய பிறகு பெயின்ட் அடித்தால் பிரஷ் அங்கே எட்டாது. மரம் அந்த வெட்டுமுகம் வழியாகத்தான் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் இழைத்துத் தள்ளிவிட்டால் பங்குனியில் மரம் சுருங்கி, விரல் போகும் அளவுக்குச் சந்து விழும். காயவைத்து, நான்கு விளிம்பிலும் பிரைமர் ஒன்று, எனாமல் இரண்டு கோட் அடித்து மாட்டுங்கள். அதன் பிறகும் உரசினால் உரசும் இடத்தை மட்டும் இழையுங்கள். ஒவ்வொரு பக்கமும் 2 முதல் 3 மி.மீ. இடம் இருந்தால் போதும்.

நிலையின் அடிக்கட்டையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் சுலபமாக இறங்கினாலோ, தட்டினால் பொக்கைச் சத்தம் கேட்டாலோ, மண்கோடு தெரிந்தாலோ, உளுப்பு அல்லது கரையான். கரையானுக்குச் சுவரில் மருந்து வைக்காமல் ஜன்னலை மட்டும் மாற்றினால் அது பக்கத்து நிலைக்குப் போகும்.

மாலையில் அறை கொதிக்கிறது

சேலத்தில் அதிகம் கேட்கும் குறை இது. "டபுள் கிளாஸ் போட்டால் சரியாகிவிடும்" என்று கடையில் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். மே மாதம் மாலை 4 மணிக்குச் சேலத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 35 பாகை உயரத்தில் இருக்கும். மேற்குச் சுவரில் ஒன்றரை அடி சன்ஷேட் இருந்தால், அதன் நிழல் கீழே சுமார் ஓர் அடிக்குத்தான் விழும். 5 மணிக்கு அது அரை அடியாகச் சுருங்கும். நான்கு அடி ஜன்னலில் மீதி மூன்றரை அடியும் வெயில் தின்னும். சாதாரண 5 மி.மீ. கண்ணாடி சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். இரண்டு சாதாரணக் கண்ணாடி சேர்த்த டபுள் கிளாஸும் சுமார் 70 சதவீதத்தை விடும். அவ்வளவு செலவுக்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவதுதான் முதல் வேலை. உள்ளே திரை போட்டால் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் திரையில் படுகிறது. அது அறையிலேயே தங்கிவிடும். வெளியே மூங்கில் தட்டி, நிழல் வலை, செங்குத்துச் சட்டங்கள், அல்லது மூன்று நான்கு அடி தள்ளி ஒரு பந்தல் கொடி, எதுவானாலும் உள்திரையைவிடப் பல மடங்கு பலன் தரும். அதற்கு இடமில்லாத மாடி வீடு என்றால் கண்ணாடியை மாற்றலாம். கடையில் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்; எஸ்எச்ஜிசி எண் (சூரிய வெப்பத்தில் எந்தப் பங்கைக் கண்ணாடி உள்ளே விடுகிறது என்பது) என்ன என்று கேளுங்கள். மேற்குப் பக்கத்துக்கு 0.4க்குக் கீழே இருக்கட்டும்.

வட ஜன்னலில் வெயில் வராது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சேலத்தில் ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் 20 வாக்கு வரை நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். கோடையில் வட ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும்.

மேல்மாடி அறை என்றால் வெக்கையின் பெரும்பங்கு மொட்டைமாடித் தளத்திலிருந்து இறங்குகிறது. இரவு 9 மணிக்குக் கூரையின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். சுவரைவிடக் கூரை சுட்டால், ஜன்னலுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு வெள்ளை ஓட்டுக்கோ வெயில் தடுக்கும் வெள்ளைப் பூச்சுக்கோ போகட்டும்.

இன்னொன்று. பழைய நான்கு கதவு ஜன்னல் முழுதாகத் திறக்கும். இரண்டு தண்டவாள ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும். ஏசி இல்லாத அறையில் ஸ்லைடிங் மாற்றிய பிறகு புழுக்கம் கூடியது என்றால் காரணம் அதுதான்.

நிறக் கண்ணாடி தானாக விரிசல் விட்டது

யாரும் கல் எறிந்திருக்க மாட்டார்கள். விளிம்பிலிருந்து செங்குத்தாகத் தொடங்கி, உள்ளே போய் வளையும் ஒற்றைக் கோடாக இருந்தால் அது வெப்பவிரிசல். நிறக் கண்ணாடி, பிரதிபலிக்கும் கண்ணாடி, ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி ஆகியவை வெப்பத்தை உறிஞ்சும். நடுப்பகுதி வெயிலில் விரிய, சட்டத்துக்குள்ளும் சன்ஷேட் நிழலிலும் உள்ள விளிம்பு குளிர்ந்தே இருக்க, விளிம்பில் இழுவிசை ஏறித் தெறிக்கிறது. அடுத்த முறை சூடேற்றி உறுதியாக்கிய டஃபன்டு கண்ணாடியாகக் கேளுங்கள், மூலையில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். டஃபன்டு ஆன பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. எக்ஸாஸ்ட் ஃபேன் துளை வேண்டுமானால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கண்ணாடியில் பனி படிகிறது

எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பாருங்கள். உள்பக்கம் என்றால் அறைக்குள் ஈரம் அதிகம்: துணி காயப்போடுவது, வெந்நீர் ஆவி, சமையல். ஏற்காட்டில் மார்கழி, தை இரவுகளில் எல்லாவற்றையும் இறுகச் சாத்திக்கொண்டால் இப்படித்தான் ஆகும். மேலே ஒரு சிறு திறப்பு விடுங்கள். வெளிப்பக்கம் என்றால் கவலையே வேண்டாம்.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே படிந்தால் விளிம்பு சீல் போய்விட்டது. துளை போட்டு உலர்த்தித் தருகிறேன் என்பவர்களை நம்ப வேண்டாம். அந்தக் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றுங்கள், சட்டத்தை மாற்றத் தேவையில்லை.

மலைமேல் இந்த சீல் சீக்கிரம் போவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. டபுள் கிளாஸைச் சமவெளியில் உள்ள ஆலையில் ஒட்டி மூடுவார்கள். உள்ளே அடைபட்ட காற்று சமவெளி அழுத்தத்தில் இருக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. லாரி கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் கண்ணாடி பலூன் போல வெளியே உப்பும். பெரிய கண்ணாடி வளைந்து கொடுக்கும், பிம்பம் கோணலாகத் தெரியும். சிறிய, குறுகிய கண்ணாடி வளையாது. அதனால் முழு அழுத்தமும் விளிம்பு சீலின் மேல் விழும். ஆர்டர் கொடுக்கும்போதே "1,500 மீட்டரில் மாட்டப் போகிறோம்" என்று எழுத்தில் கொடுங்கள். அழுத்தத்தைச் சமன்செய்ய மெல்லிய உலோகக் குழாய் வைத்துத் தருவார்கள். அந்தக் குழாய் இருந்தால் ஆர்கான் வாயு நிரப்பிப் பயனில்லை, அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். ஹீட்டர் போடாத சாதாரண ஏற்காட்டு வீட்டுக்கு, நல்ல கேஸ்கெட் உள்ள கதவு ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடியே போதும்.

யூபிவிசி கதவு தொங்கிப்போய் அடியில் இடிக்கிறது

கீல் ஸ்க்ரூக்களை முதலில் முறுக்கிப் பாருங்கள். சும்மா சுற்றினால் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கை மட்டும் பிடித்திருக்கிறது. உள்ளேயிருக்கும் இரும்புப் பட்டையை எட்டும் நீள ஸ்க்ரூ போட வேண்டும். இரும்பு இருக்கிறதா என்று அறியப் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைச் சட்டத்தின் மேல் ஓட்டுங்கள், இழுப்பு தெரியும்.

கீல் சரியாக இருந்தும் தொங்கினால், கண்ணாடியின் முட்டு சரியில்லை. கண்ணாடிதான் அந்தக் கதவைத் தாங்கும் குறுக்குக்கட்டை. கதவைத் திறந்து, கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் பீடிங் பட்டைகளை மெல்லிய பட்டிக் கத்தியால் நெம்புங்கள். நீளப் பட்டைகளை முதலில், நடுவிலிருந்து. கண்ணாடியின் கீழ் மூலையில் கீல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் முட்டு, அதற்கு மூலைவிட்டமாக மேல் மூலையில் கைப்பிடி பக்கம் ஒரு முட்டு. 3 மி.மீ. முட்டில் தொடங்கிக் கைப்பிடிப் பக்கத்தைத் தூக்கியபடி செருகுங்கள். கதவு உரசாமல் மூடியதும் பீடிங்கைத் திருப்பி அடியுங்கள், இந்த முறை குட்டைப் பட்டை முதலில். கை உறை இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

ஸ்லைடிங் இறுகினால் கதவின் அடிப்பக்க ஓரத்தில் சிறு மூடிக்குள் உருளையை ஏற்றி இறக்கும் ஸ்க்ரூ இருக்கும். எண்ணெய் விடாதீர்கள், தூசி பசையாகிவிடும். சிலிகான் ஸ்பிரே போதும்.

வெள்ளைப் பூப்பு, பாசி, உரியும் பெயின்ட்

வெள்ளைப் பூப்பு என்பது ஈரம் சுமந்து வந்த உப்பு. தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்; உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். ஈரம் வரும் வழியை அடைத்த பிறகு, ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி கோத்தால் சுவர் இன்னும் காயவில்லை. புதுப் பூச்சு என்றால் 28 நாள் பொறுங்கள். பெயின்ட் உரிவதற்கு பெயின்ட் கம்பெனியைக் குறை சொல்வதைவிட இந்த 28 நாளைக் காப்பது மேல்.

ஏற்காட்டின் கறுப்புப் பாசிக்கு: வீட்டு உபயோகத் திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. 20 நிமிடம் ஊறவிட்டு நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அடியில் செடிகள் இருந்தால் மூடிவிடுங்கள். பாத்ரூம் ஆசிட்டோடு ஒருபோதும் கலக்கக் கூடாது, விஷ வாயு வரும். சுவரை ஒட்டிய கிளைகளை வெட்டிக் காற்றோட்டம் விட்டால் பாசி திரும்ப வரும் வேகம் குறையும்.

பழைய பங்களாக்களின் சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமென்ட் பூச்சும் தடித்த பிளாஸ்டிக் பெயின்டும் அடிக்க வேண்டாம். உள்ளே வந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு தட்டுத் தட்டாகக் கழன்று விழும். அங்கே சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல்

விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியும் நுனி நகரவில்லை, அகலம் 1 மி.மீ.க்குள் என்றால் பூச்சுச் சுருக்கம். கொத்தி அடைத்து வலை வைத்துப் பூசினால் போதும். நகர்ந்தால், அல்லது வெளியிலும் உள்ளேயும் ஒரே இடத்தில் தெரிந்தால், ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் பக்கச் சுவரில் போதுமான அளவு உட்காரவில்லை அல்லது அஸ்திவாரம் இறங்குகிறது. லிண்டல் இரு பக்கமும் குறைந்தது 15 செ.மீ. ஏறி உட்கார வேண்டும். பொறியாளர் பார்க்காமல் அந்த ஜன்னலில் கை வைக்க வேண்டாம். பழைய வீடுகள் சிலவற்றில் லிண்டலே இல்லாமல் மரநிலையே மேல்செங்கலைச் சுமந்திருக்கும். முட்டுக் கொடுக்காமல் நிலையைப் பிடுங்கினால் சுவர் தலையில் விழும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

நிலை உளுத்திருக்கிறது, சட்டம் முறுக்கிக்கொண்டது, இரும்பு துருவேறி உப்பி மரத்தைப் பிளந்துவிட்டது. இவைதான் முழுதாக மாற்றக் காரணங்கள். நம் பக்கப் பழைய ஜன்னலில் கம்பிகள் மரநிலைக்குள்தான் செருகியிருக்கும். நிலை போனால் பாதுகாப்பும் போகும் என்பதைக் கொட்டேஷன் வாங்கும்போது யாரும் நினைப்பதில்லை. கிரில்லைச் சுவரோடு தனியாகப் பிடித்து, பிரைமரும் பெயின்டும் அடித்த பிறகுதான் ஜன்னல் வர வேண்டும். ஜன்னலை மாட்டிவிட்டு வெல்டிங் வைத்தால் தீப்பொறி கண்ணாடியில் பொத்துப் பொத்தாகப் பதிந்துவிடும். அது போகவே போகாது.

அளவு எடுக்கும்போது அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும், மூலைவிட்டம் இரண்டையும் எடுங்கள். மிகச் சிறிய அளவில் 10 மி.மீ. கழித்ததுதான் ஜன்னல் அளவு, பக்கத்துக்கு 5 மி.மீ. சந்து. யூபிவிசிக்கு இந்தச் சந்து கட்டாயம். 2 மீட்டர் சட்டம் 30 பாகை வெப்ப வித்தியாசத்துக்கு 4 மி.மீ.க்கு மேல் நீளும். இடமில்லாவிட்டால் சட்டம் வளைந்து கதவு இறுகும். மூலைவிட்டங்கள் 10 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் கொத்தனாரை விட்டு முதலில் சதுரமாக்குங்கள். சிலிகானை வாரி இறைத்து மறைக்க விடாதீர்கள்.

பிடிப்பு ஸ்க்ரூ மூலையிலிருந்து 15 செ.மீ.யில் ஒன்று, பிறகு 60 செ.மீ.க்கு மிகாமல் ஒவ்வொன்று. அலுமினியத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூதான். சந்தை நிரப்ப பியூ ஃபோம் (நுரை) அடித்தால் அதை வெட்டவெளியில் விடக் கூடாது, வெயிலில் மஞ்சளாகிப் பொடிந்துவிடும். மேலே பூச்சோ சிலிகானோ மூட வேண்டும். சிமென்ட் அலுமினியத்தில் தெறித்தால் ஈரம் காயும் முன் கழுவுங்கள், காய்ந்தால் தடம் நிலைத்துவிடும்.

ஏற்காட்டில் கொசுவலைக்கு நைலான் வேண்டாம். குரங்கு ஒரே இழுப்பில் கிழித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை போட்டு, வலைச் சட்டத்துக்கும் தாழ்ப்பாள் வையுங்கள்.

வேலை ஒப்படைக்கும் அன்று ஒவ்வொரு கதவையும் ஒரு தாள் துண்டை இடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். கதவு ஜன்னலில் தாள் உருவ முடியாமல் இறுக வேண்டும். ஊதுபத்தி ஒன்றை ஓரமாகக் கொண்டுபோய்ப் புகை எங்கே ஆடுகிறது என்று பாருங்கள். தண்டவாளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சட்டத்தின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு ஃபிலிமை அன்றைக்கே உரித்துவிடுங்கள், சேலத்து வெயிலில் ஒரு கோடை விட்டால் அது சட்டத்தோடு சுட்டுப் பிடித்துக்கொள்ளும்.